மறதியும் மருமகளின் தட்டும்

முதியவர்களின் ஞாபகத்தைக் காக்கும் உணவு எது என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். அந்த உணவு யாருக்கு, எந்த வயதில் என்று கேட்பவர்கள் குறைவு.

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவில் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது வாசனை. சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு, மஞ்சள். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கையில் ஒரு பொட்டலத்தோடுதான் திரும்புகிறார்கள். மிளகின் முன்பேர வணிகம் ஒரு காலத்தில் கூச்சலும் கையசைப்புமாக நடந்த தெரு இது. இன்று பொட்டலத்தோடு ஆரோக்கியமும் சேர்த்து விற்கப்படுகிறது. மிளகு ஜீரணத்துக்கு, கிராம்பு பல்வலிக்கு, மஞ்சள் சகலத்துக்கும். அந்தச் சகலத்தில் சில வருடங்களாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது: ஞாபகசக்தி.

காரணம் புரியாததல்ல. இந்திய மாநிலங்களில் முதியவர்களின் விகிதம் மிக அதிகமாக இருப்பது கேரளத்தில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே இங்கு நூறு பேரில் 12-க்கும் மேற்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும். வீட்டில் பெரியவர்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவர் சாவியை வைத்த இடத்தை மறந்தால் வீடு சிரிக்கிறது. சாவி எதற்கு என்பதையே மறந்தால் பயம் தொடங்குகிறது.

இந்தப் பயத்துக்கு எண்ணிக்கை உண்டு. 1992-ல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய இந்திய அல்ஸைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம், 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் நாட்டில் சுமார் 37 லட்சம் மறதி நோயாளிகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2023-ல் வெளியான இன்னொரு தேசிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. இரண்டும் வெவ்வேறு முறைகளில் போட்ட கணக்குகள். ஆனாலும் திசை தெளிவு. ஆண்களைவிடப் பெண்களிடம் நோய் அதிகம் என்பதையும் இரண்டாவது ஆய்வு காட்டியது. இந்தத் தகவலுக்குப் பிறகு வர வேண்டியிருக்கிறது.

மட்டாஞ்சேரியில் இந்த நோயைப் பற்றிப் பேசுவதற்கே பல மொழிகள் தேவை. அரண்மனைக்கும் படகுத்துறைக்கும் சுற்றிலும் உள்ள சில கிலோமீட்டருக்குள் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கட்சி, மராத்தி, உருது, தெலுங்கு எல்லாம் வீட்டு மொழிகள். ஆனால் பெரியவர்களின் மறதியை நோய் என்று சொல்லும் வழக்கம் நம் மொழிகளில் அரிது. இந்தியில் அறுபது என்ற எண்ணிலிருந்தே ஒரு கேலிச் சொல் பிறந்திருக்கிறது. 'சட்டியா கயா' என்றால் அறுபதைத் தாண்டி புத்தி தடுமாறியவர். கேரளத்தில் சில இடங்களில் 'சின்னன்' என்பார்கள், குழந்தைத்தனம் என்ற பொருளில். யாழ்ப்பாணத்துத் தமிழில் 'அறளை பெயர்தல்'. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: வயதானால் இப்படித்தான். வயதின் இயல்பு என்று முடிவுகட்டிய பிறகு டாக்டரிடம் போவது எதற்கு? எனவே பலரும் முதலில் போவது சமையலறைக்கு.

அப்படிப் போன ஒரு வீடு மட்டாஞ்சேரியில் இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். மாமனாருக்கு வயது 79. மலைச்சரக்கு மண்டி ஒன்றில் நாற்பது வருடம் கணக்கெழுதியவர். மிளகு விலையை மூன்று மொழிகளில் பேரம் பேசத் தெரிந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் கூட்டல் தப்ப ஆரம்பித்தது. பிறகு தெரு தப்பியது. இப்போது சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிஷம் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். "இன்னும் சோறு போடலயே தாயி" என்கிறார். மருமகளுக்கு வயது 47. "இப்பத்தான் சாப்பிட்டீங்க மாமா" என்று சொல்லிப் பார்த்தார். அது சண்டையில் முடிந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

சண்டையைவிட அவரை வருத்தியது தொலைபேசி. தென்காசியிலிருந்து நாத்தனார் வாரம் இருமுறை கூப்பிடுவார். "மதினி, அப்பாவுக்கு வல்லாரை குடுக்கீங்களா? தேங்கெண்ணெ ஒரு கரண்டி வெறும் வயித்துல குடுக்கச் சொன்னேனே, குடுத்தீங்களா? மஞ்சப் பால்?" அக்கறையான கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் இன்னொரு கேள்வி இருந்தது: நீங்கள் என்ன சமைத்துப் போட்டதால் இவருக்கு இப்படி ஆயிற்று? மருமகள் எல்லாவற்றையும் கொடுத்தார். வல்லாரைத் துவையல், மஞ்சள் பால், ஊறவைத்த பாதாம், விலை கூடிய வால்நட், பொடிகள், லேகியம். மாதம் மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாத செலவு. மறதி தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம். ஹரியாணாவில் டில்லியை ஒட்டியுள்ள பல்லப்கட் கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2001-ல் வெளியானது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் அல்ஸைமர் நோய் புதிதாக வருவது அங்கே ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 4.7. அதே முறையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எடுத்த கணக்கில் 17.5. உலகில் அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று இது. 'இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், அதனால்தான்' என்று உலகம் ஒரு வரியில் முடித்துவிட்டது. மரபணுவில் வேறுபாடு, வயல் வேலை, கொழுப்பு குறைந்த சாப்பாடு, நோய் வந்தவர்கள் நீண்ட நாள் உயிரோடு இராதது என்று மற்ற காரணங்கள் வரிசையில் நின்றன. அவற்றைப் பொட்டலம் கட்டி விற்க முடியாது. மஞ்சளை முடியும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் சோதனைக்கூடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேருவது சொற்பம். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தெளிவான பலன் தெரியவில்லை.

வல்லாரையின் கதை வேறு மாதிரி. மட்டாஞ்சேரிக்கு மிகவும் பொருத்தமான குழப்பம் அது. நாட்டு மருந்துக் கடையில் 'பிரம்மி' என்று கேட்டால் கேரளத்துக்காரர் எடுத்துத் தருவது தமிழில் நீர்ப்பிரம்மி எனப்படும் செடி. வட இந்தியாவில் பல இடங்களில் அதே பெயரில் விற்கப்படுவது நம்முடைய வல்லாரை, அதாவது மலையாளிகளின் 'குடங்கல்'. ஒரே பெயர், இரண்டு செடிகள். ஒன்றைப் பற்றிய பெருமை இன்னொன்றின் கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டையும் வைத்துச் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் மறதி நோயை இவை தடுக்கும் என்று நிறுவிய பெரிய ஆய்வு ஏதும் இல்லை. வல்லாரையைக் கீரையாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மருந்தாக நம்பி டாக்டரைத் தள்ளிப்போடுவதில்தான் தவறு.

தேங்காய் எண்ணெய்க்கு இந்தப் பெருமை வந்தது கேரளத்திலிருந்தல்ல, அமெரிக்காவிலிருந்து. அங்கே ஒரு டாக்டர், நோயுற்ற தன் கணவருக்கு அதைக் கொடுத்ததில் முன்னேற்றம் கண்டதாக எழுதினார். அது 2008 வாக்கில் உலகெங்கும் பரவியது. ஒரு மனைவியின் அனுபவம் அது. அதை உறுதி செய்யும் பெரிய சோதனை பிறகு வரவில்லை. மாறாக, தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை உயர்த்தும் என்பது உறுதியாகத் தெரியும். அதே எல்.டி.எல். மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்றாக 2024-ல் சேர்க்கப்பட்டது. தாளிக்க ஒரு ஸ்பூன் ஊற்றுவது சமையல். மருந்தென்று கரண்டி கரண்டியாகக் குடிப்பது வேறு விஷயம்.

மேல்நாட்டாரும் இந்தத் தேடலில் நம்மைவிடச் சளைத்தவர்கள் அல்ல. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர், மூளைக்கென்றே ஒரு உணவு முறையை வகுத்தார். கீரைகள், பருப்பு, முழு தானியம், கொட்டைகள், பெர்ரிப் பழங்கள், மீன், ஆலிவ் எண்ணெய் அதிகம். வெண்ணெய், சிவப்பு இறைச்சி, இனிப்பு, வறுவல் குறைவு. 2015-ல் அவர் வெளியிட்ட முடிவு பரபரப்பூட்டியது: இதை நன்றாகப் பின்பற்றிய முதியவர்களுக்கு அல்ஸைமர் வரும் அபாயம் 53 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் நன்றாக நடக்கிறார்கள், படித்திருக்கிறார்கள், காசு வைத்திருக்கிறார்கள். பலன் கீரையினுடையதா, காசினுடையதா என்பதைப் பிரித்தறிய முறையான சோதனை வேண்டியிருந்தது. அதுவும் நடந்தது. 604 பேர், மூன்று வருடம். 2023-ல் முடிவு வந்தது. அந்த உணவை உண்டவர்களுக்கும், வழக்கமான உணவையே சற்றுக் குறைத்து உண்டவர்களுக்கும் இடையே ஞாபகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த முடிவைப் பார்க்க மாரிஸ் இல்லை. 2020-ல் காலமாகிவிட்டார்.

மாத்திரைகளின் கதி இன்னும் மோசம். குறைபாடு இல்லாதவர்கள் மறதியைத் தடுக்க பி, ஈ விட்டமின்களையோ ஒமேகா-3 மாத்திரைகளையோ சாப்பிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் மறதிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதை அறிய சிகாகோவுக்குப் போக வேண்டியதில்லை. கொச்சியிலேயே பதில் இருக்கிறது.

கொச்சி நகரில் 65 வயதைக் கடந்த சுமார் 1,900 பேரிடம் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. மறதி நோயாளிகளில் 54 சதவீதத்தினருக்கு இருந்தது அல்ஸைமர். 39 சதவீதத்தினருக்கு இருந்தது வேறு வகை: மூளையின் ரத்தக் குழாய்கள் பழுதுபட்டதால் வரும் மறதி. இந்த இரண்டாவது வகைக்கு இட்டுச் சென்ற காரணமாக ஆய்வாளர்கள் குறிப்பிட்டது உயர் ரத்த அழுத்தத்தை. அதற்கு முன், 1996-ல், இதே எர்ணாகுளம் மாவட்டத்தின் கிராமப் பகுதி ஒன்றைப் பற்றி வெளியான ஆய்வில் ரத்தக் குழாய் மறதியே முதலிடத்தில் இருந்தது: 58 சதவீதம்.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. அதற்குத் தீனி கொண்டு செல்பவை முடியைவிட மெல்லிய குழாய்கள். இருபது வருடம் உயர் அழுத்தத்தில் ரத்தம் மோதினால் அந்தக் குழாய்கள் தடித்துப் போகின்றன. சர்க்கரை அவற்றின் உட்சுவரைக் கெடுக்கிறது. கொழுப்பு அடைக்கிறது. ஒரு குழாய் அடைபட்டால் அதை நம்பியிருந்த ஒரு துளி மூளை இறக்கிறது. வலிக்காது. கை கால் விழாது. இப்படிப் பத்து, இருபது துளிகள் போன பிறகு ஒருநாள் கூட்டல் தப்பும்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14-ஐப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்தால் உலகில் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலில் 'உணவு' என்று தனியாக ஒரு வரி இல்லை. ஆனால் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், எல்.டி.எல். கொழுப்பு, மிதமிஞ்சிய மது ஆகிய ஐந்தும் இருக்கின்றன. ஐந்துமே தட்டின் வழியாகவோ டம்ளரின் வழியாகவோ வருபவை. இந்த ஐந்தும் எந்தப் பருவத்துக்கு எதிரே எழுதப்பட்டிருக்கின்றன என்பது அதைவிட முக்கியம். முதுமைக்கு எதிரே அல்ல. நடுவயதுக்கு எதிரே.

மட்டாஞ்சேரி வீட்டுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது ஒரு பெண் டாக்டரின் வாயால். மாமனாரைப் பரிசோதித்து முடித்த டாக்டர் மருமகளைப் பார்த்துக் கேட்டார்: "சேச்சி கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" எப்போது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பார்த்திருப்பார்கள். அந்தப் பிள்ளை இப்போது காலேஜில். பார்த்ததில் 150-க்கு 96. சர்க்கரையும் எல்லைக்கோட்டில்.

அன்றாடம் என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். மாமனார் என்ன சாப்பிடுகிறார் என்று மணிவாரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, தன்னுடையதைச் சொல்லத் தடுமாற்றம். காலையில் எல்லோருக்கும் தோசை வார்த்த பிறகு, ஆறிப்போன இரண்டு. நாளில் நான்கு டீ, சர்க்கரையோடு. மத்தியானம் இரண்டரை மணிக்கு மிச்சமுள்ள சோறு முழுவதும். வீணாக்கக் கூடாதே. மீன் துண்டுகள் மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும். தனக்குக் குழம்பு. தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும். கீரை பாத்திரத்தில் ஒட்டியிருந்தால் உண்டு. வால்நட் என்ன விலை விற்கிறது, அதைப் போய் யாராவது தானே தின்பார்களா?

ஆக, அந்த வீட்டில் மூளையைக் காக்கும் உணவு முழுவதும் ஒரு தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது 79 வயதுக்காரரின் தட்டு. நோய் ஏற்கெனவே வந்துவிட்ட, உணவால் திருப்ப முடியாத இடத்தில் இருப்பவரின் தட்டு. அந்த உணவு உண்மையிலேயே பயன்படக்கூடிய தட்டில், முப்பது வருடம் கழித்து வரப்போகும் நோயைத் தள்ளிப்போட இன்னும் அவகாசம் உள்ள தட்டில், வெறும் சோறும் உப்பும். மறதி நோய் பெண்களிடம் அதிகம் என்ற கணக்கை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இடைவெளிக்குப் படிப்பு கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடைசியில் சாப்பிடும் பழக்கத்தின் பங்கைத் தனியாக அளந்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அளக்க வேண்டியதுதான்.

கேரளத்தில் சர்க்கரை நோயாளிகளின் விகிதம் சுமார் 25 சதவீதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் கூறியது. நாட்டின் சராசரி 11.4. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறார்கள். அப்பளம், ஊறுகாய், உப்பேரி, கருவாடு என்று கேரள, தமிழ்ச் சாப்பாட்டில் உப்பு வரும் வழிகள் அதிகம். ஆபத்து அயல்நாட்டு உணவில் மட்டும் இல்லை. சோற்றுக் குவியலிலும் இருக்கிறது.

நல்ல உணவும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெயும் பெர்ரியும் இல்லாமலே மட்டாஞ்சேரியின் சமையலறைகளில் எல்லாம் இருக்கிறது. கொங்கணிகளின் 'தாளித் தோய்', குஜராத்திகளின் பருப்பு, மலையாளிகளின் பயறும் கடலையும், தமிழர்களின் முருங்கைக்கீரைப் பொரியலும் சாம்பாரும். முழு தானியத்துக்குக் கேழ்வரகு. கொட்டை வகையில் வால்நட் வாங்கத் தேவையில்லை, ஒரு கைப்பிடி நிலக்கடலை போதும். மாற வேண்டியது அளவு. சோறு பாதித் தட்டைத் தாண்டக் கூடாது. காய், கீரை, பருப்பு தொட்டுக்கொள்ளும் நிலையிலிருந்து சாப்பிடும் நிலைக்கு உயர வேண்டும்.

மீனுக்கு மத்தி. மலையாளிகள் சாளை என்றும் சொல்லும் இந்தச் சிறிய மீனில் ஒமேகா-3 கொழுப்பு ஏராளம். ஏழைகளின் மீன் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயருக்கும் இடையில் ஆபத்து வந்தது. 2012-ல் கேரளக் கரையில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் அது சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது என்றது கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். கடலில் மீன் குறைந்தால் சந்தையில் விலை ஏறும். விலை ஏறினால் துண்டுகள் எண்ணிப் போடப்படும். எண்ணிப் போடும்போது யாருக்குத் துண்டு, யாருக்குக் குழம்பு என்பதைத் தீர்மானிப்பது கடல் அல்ல.

சைவ உணவு உண்பவர்கள் கவனிக்க வேண்டியது பி-12 விட்டமின். இது செடிகொடிகளில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. வயதானால் குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. சர்க்கரை நோய்க்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையக்கூடும். பி-12 குறைந்தால் மறதி, தடுமாற்றம், சோர்வு எல்லாம் வரும். பார்ப்பதற்கு அல்ஸைமர் போலவே இருக்கும். ஆனால் ஊசியாலும் மாத்திரையாலும் சரியாகக்கூடியது. தைராய்டு குறைவும் அப்படித்தான். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 'வயதானால் இப்படித்தான்' என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருக்கும் சிலர், உண்மையில் குணமாகக்கூடியவர்கள். குறைபாடு இருப்பவருக்கு விட்டமின் மருந்து. இல்லாதவருக்கு அது வெறும் செலவு.

உணவு தனியாகச் செய்யாததைத் துணைகளோடு சேர்ந்து செய்கிறது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வெளியானது. நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தொடர்ந்து கண்காணிப்பது என நான்கையும் இரண்டு வருடம் சேர்த்துச் செய்தவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டது. அமெரிக்காவில் 2,111 பேரை வைத்து நடந்த இதே போன்ற சோதனை 2025-ல் முடிந்தது. அங்கும் கூட்டாக, ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

மூளைக்குப் பயிற்சி என்றால் மட்டாஞ்சேரிக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு வேண்டியதில்லை. ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழியாவது பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது பொருந்தியது. நடந்து சந்தைக்குப் போய், மீன்காரியிடம் மலையாளத்திலும் மளிகைக்காரரிடம் கொங்கணியிலும் பேரம் பேசி, வாங்கி வந்ததை நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. உணவும் நடையும் பேச்சும் ஒரே காரியத்தில் முடிந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் வீட்டு வாசலுக்கே வரவழைக்கிறபோது இந்த மூன்றில் இரண்டு போய்விடுகின்றன.

நோய் வந்துவிட்டவர்களின் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே விதி தலைகீழ். நோய் முற்றும்போது பசி குறைகிறது, சாப்பிட மறக்கிறார்கள், விழுங்கச் சிரமப்படுகிறார்கள். எடை இறங்குகிறது. அந்த நிலையில் இது கூடாது, அது கூடாது என்று தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே போவது கெடுதல். டாக்டர் வேறு காரணத்துக்காகத் தடுத்திருந்தாலொழிய, பிடித்ததைப் பிடித்த நேரத்தில், சிறிது சிறிதாக, கூட உட்கார்ந்து கொடுப்பதே வைத்தியம். மட்டாஞ்சேரி வீட்டில் லேகியங்கள் நின்றுவிட்டன. மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றால் மருமகள் இப்போது வாதாடுவதில்லை. ஒரு வாழைப்பழத்தையோ, பாதி இட்லியையோ எடுத்துக் கொடுத்து, "இந்தாங்க மாமா" என்கிறார். அவர் திருப்தியாகச் சாப்பிடுகிறார். மறதி குறையவில்லை. எடை மேலும் குறையாமல் நிற்கிறது. அவருக்கு இது பெரிய வெற்றி.

இந்த நோய்க்கு மருமகளின் சமையல் காரணமல்ல என்பதையும் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னார். வயது, மரபு, பல வருட ரத்த அழுத்தம், மண்டியில் நாற்பது வருடம் குடித்த பீடி எல்லாம் சேர்ந்து செய்த காரியம் அது. வல்லாரையை ஒரு வாரம் விட்டதால் வந்ததல்ல. நல்ல உணவு அபாயத்தைக் குறைக்கும், அதற்கு மேல் உத்தரவாதம் தராது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் அல்ஸைமர் வருகிறது. 1906-ல் ஜெர்மானிய டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் முதன்முதலில் விவரித்த நோயாளி ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண். அவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் அவர் வீட்டாரைக் குற்றம்சாட்டியதாகத் தெரியவில்லை.

போன மாதம் நாத்தனார் தென்காசியிலிருந்து வந்து நான்கு நாள் தங்கியிருந்தார். அவருக்கு வயது 51. மருமகள் அவரையும் கையோடு அழைத்துப்போய் ரத்த அழுத்தம் பார்க்க வைத்தார். அதுவும் கூடத்தான் இருந்தது. "அப்பாவுக்குன்னு வந்தேன், எனக்கு மாத்திரை வாங்கிட்டுப் போறேன் மதினி" என்று சிரித்தாராம். அந்த நான்கு நாளும் இரண்டு பெண்களும் ஒரு மணிக்கே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மத்தி வாங்கிய அன்று துண்டுகளை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார்கள். மருமகளின் பங்குக்கு மூன்று துண்டுகள்.